உடைந்தால் யார் பொறுப்பு?

பிரயாணத்துக்கு மூட்டை கட்டுவது ஒரு சாதாரண வேலை என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பார்க்கப் போனால், மனிதன் தன்னைப் பற்றித் தானே எழுதிக் கொடுக்கும் வாக்குமூலம் அது. எதை முதலில் எடுத்து வைக்கிறான், எதைக் கடைசியில் இடுக்கில் திணிக்கிறான், எதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறான் என்று பக்கத்தில் நின்று கவனித்தால் போதும். ஆளைப் பற்றி வேறு யாரிடமும் விசாரிக்க வேண்டியதில்லை.

ரயில் பிரயாணத்தில் இந்தப் பரீட்சை அவ்வளவு கடுமையானதல்ல. இருக்கைக்கு அடியிலோ தலைக்கு மேலோ எல்லாம் கூடவே வந்துவிடும். விமானம் அப்படி விடுவதில்லை. வாசலிலேயே நம் உடைமைகளை இரண்டாகப் பிரித்துவிடுகிறது. கையோடு வருவது ஒன்று. அந்நியரிடம் ஒப்படைப்பது மற்றொன்று. நம் நாட்டு விமானங்களில் கையோடு கொண்டு போகப் பெரும்பாலும் 7 கிலோதான் அனுமதி. "உன் கண்ணை விட்டு அகலக் கூடாதது என்று உன்னிடம் ஏழு கிலோவுக்கு மேல் என்ன இருக்கிறது?" என்று விமானம் நம்மைக் கேட்கிற மாதிரி இருக்கிறது. பெரும்பாலோருக்கு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில் சிரமமில்லை. வேஷ்டியும் புடவையும் ஊறுகாய் ஜாடியும் எப்படிப் போனால் என்ன? ஜாடி உடைந்தால் ஒரு மாதம் வருத்தப்படுவோம். புடவைகளில் எண்ணெய்க் கறை பட்டால் இரண்டு மாதம் வருத்தப்படுவோம்.

சங்கீத வித்வானுக்குத்தான் இது தர்மசங்கடமான கேள்வி. அவனுடைய உயிருக்குச் சமமான பொருள் ஏழு கிலோவுக்குள் அடங்குவதில்லை. அடங்கினாலும் அந்த நீள அகலத்துக்குள் அடங்குவதில்லை.

வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவது நமக்குப் புதிதல்ல. பத்துப்பாட்டில் கடைசிப் பாட்டான மலைபடுகடாம் தொடங்குவதே இந்த மூட்டையைச் சொல்லித்தான். முழவு, ஆகுளி, பாண்டில், குழல் என்று ஒவ்வொரு வாத்தியமாகப் பெயர் சொல்லி, அவற்றையெல்லாம் பைகளில் இட்டு, இரு பக்கமும் நிறை சமமாக இருக்கும்படி இறுகக் கட்டி, பலாக் காய்க் கொத்துப் போலத் தொங்கவிட்டுக்கொண்டு கூத்தர்கள் நன்னனுடைய மலை நாட்டுக்கு நடக்கிறார்கள். வழியில் காட்டு மிருகம் உண்டு, வழுக்குப் பாறை உண்டு. ஆனால் அந்தக் கூத்தனுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. வாத்தியம் விழுந்தால் அவனும் கூடவே விழுவான். சுமக்கிறவனும் அவனே, வாசிக்கிறவனும் அவனே. ஆகையால் "உடைந்தால் யார் பொறுப்பு?" என்ற கேள்வியே அவனுக்கு எழவில்லை.

இன்றைக்கு எழுகிறது. இதை நான் வெறும் விமானக் கம்பெனி விவகாரமாக நினைக்கவில்லை. நமக்கு உயிரானதை, அதன் அருமை தெரியாத ஒருவர் கையில் கொடுத்துவிட்டுத் தூங்கப் போகிறோம். குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறபோதும், வயதான தாயாரை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறபோதும் நடப்பது இதுதான். வீணைப் பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு யோசித்தால் விஷயம் கொஞ்சம் தெளிவாகத் தெரிகிறது. அவ்வளவுதான்.

முதலில் வீணையையே எடுத்துக்கொள்ளுவோம். தஞ்சாவூர் வீணை பலா மரத்தில் செய்வது. குடம், தண்டி, யாளி முகம் எல்லாவற்றையும் ஒரே மரத்தில் குடைந்து எடுத்தால் அதற்கு ஏகாந்த வீணை என்று பெயர். ஒட்டுப் போட்ட இடம் கிடையாது. நாலடிக்குக் குறையாத நீளம். அதன் இருபத்து நாலு மெட்டுகளும் ஆணி அடித்து நிறுத்தியவை அல்ல. மெழுகில் பதித்தவை. மெழுகை இளக்கி, மெட்டை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, சுருதி சுத்தமாக நிறுத்துவது கைதேர்ந்தவர்களின் வேலை. சித்திரை மாத வெயிலில் விமானத்துக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் பெட்டி காத்துக் கிடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டுமா? வீணை உடையாது. பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். அக்கரையில் இறங்கி, மேடையில் உட்கார்ந்து மீட்டினால், காந்தாரம் இருந்த இடத்தில் காந்தாரம் இருக்காது.

மிருதங்கத்தின் கதை வேறு. தோலும் வாரும் கரணையும் ஈரத்துக்கும் வறட்சிக்கும் தகுந்தபடி மாறுகிறவை. பறக்கும் விமானத்துக்குள் காற்று ஏறக்குறையக் கொடைக்கானல் உயரத்துக் காற்றைப் போல மெலிந்திருக்கும். ஈரப்பதமோ பல சமயம் இருபது சதவிகிதத்துக்கும் கீழே போய்விடும். சென்னையின் மார்கழி ஈரத்தில் சுருதி கூட்டிய வாத்தியத்துக்கு அது வேற்றுலகம். மானாமதுரைக் கடத்துக்கு ஈரத்தைப் பற்றிக் கவலை இல்லை. அதற்கு ஒரே ஒரு பயம்தான். அந்தப் பயம் ஒரு தடவை நிஜமாகிவிட்டால் பழுது பார்க்கிற பேச்சுக்கே இடமில்லை. வயலின்காரர் இவர்களுக்குள் பாக்கியசாலி. அவர் பெட்டி பெரும்பாலும் தலைக்கு மேல் ஏறிவிடும். அமெரிக்காவில் 2012-ல் இதற்கென்றே சட்டம் செய்து, 2015-ல் விதிகளையும் வகுத்தார்கள். பிரயாணி ஏறுகிற சமயத்தில் இடம் இருந்து, பத்திரமாக அடங்குமானால், சிறிய வாத்தியத்தை உள்ளே கொண்டு போக விட வேண்டும். செல்லோ வாசிக்கிறவர்கள் தங்கள் வாத்தியத்துக்குத் தனியாக ஒரு டிக்கெட் எடுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுகிறார்கள். அந்தப் பிரயாணி சாப்பாடு கேட்பதில்லை, பேச்சுக் கொடுத்துத் தூக்கத்தைக் கெடுப்பதில்லை. ஆனாலும் முழுக் கட்டணம்.

வீணைக்கு ஆசனம் வாங்கக் கூடிய வித்வான்கள் நம்மிடையே எத்தனை பேர்? ஆகையால் பெட்டி கீழேதான் போக வேண்டியிருக்கிறது.

ஒரு விமான நிலையத்தில் எனக்கு முன்னால் வரிசையில் நின்ற பெரியவர் ஒருவரின் சம்பாஷணை ஞாபகம் வருகிறது. வீணைப் பெட்டியை நிறுவை மேடை மேல் இரண்டு கைகளாலும் தாங்கி வைத்தார். மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் ஒரு சீட்டை நீட்டினாள்.

"சார், இதிலே ஒரு கையெழுத்துப் போடுங்க."

"என்னம்மா இது?"

"உடைஞ்சா நாங்க பொறுப்பில்லைன்னு, சார்."

"சரி. உடையாமல் கொண்டுபோறதுக்கு யாரம்மா பொறுப்பு?"

அந்தப் பெண் சிறிது நேரம் யோசித்துவிட்டுச் சிரித்தாள். "அது எங்க பொறுப்புதான், சார். உடைஞ்சாத்தான் இல்லை."

பெரியவரும் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பெண் சொன்னது வேடிக்கையல்ல என்று அப்புறம் தோன்றியது. 'பொறுப்பு' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் இரண்டு காரியங்களைப் பேசிக்கொண்டிருக்கிறோம். காப்பாற்றுகிற கடமை ஒன்று. காப்பாற்றத் தவறினால் ஈடு கட்டுகிற கடமை மற்றொன்று. முதலாவது மனசைப் பற்றியது, இரண்டாவது பணத்தைப் பற்றியது. அந்தச் சீட்டு இரண்டாவதைத்தான் ரத்துச் செய்கிறது. முதலாவதை ரத்துச் செய்ய எந்தச் சீட்டுக்கும் அதிகாரமில்லை. ஆனால் பணப் பொறுப்புப் போய்விட்டால் மனப் பொறுப்பும் மெதுவாகப் பின்னாலேயே போய்விடுகிறது என்பது உலக அனுபவம்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்று தெரிந்துகொள்ளுவது சுவாரசியமாக இருக்கும். 1929-ல் வார்ஸா நகரத்தில் பல நாட்டார் கூடி விமானப் போக்குவரத்துக்கு ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். ஒப்படைத்த மூட்டைக்குச் சேதம் வந்தால் கிலோவுக்கு 250 தங்க பிராங்குதான் உச்ச வரம்பு. கிலோவுக்கு! வயலினின் எடை அரைக் கிலோகூட இராது. பெட்டியோடு சேர்த்தால் இரண்டு மூன்று கிலோ. ஆகவே ஒரு பிரயாணி தன் அம்மிக்கல்லையும் வயலினையும் சேர்த்து அனுப்பி இரண்டும் போய்விட்டால், அம்மிக்கல்லுக்குத்தான் வரம்பு உயர்ந்தது! சட்டம் செய்தவர்கள் முட்டாள்கள் அல்ல. மதிப்பை நிறுக்கத் தராசு கிடையாது, எடையை நிறுக்கத் தராசு உண்டு. அளக்க முடிந்ததை அளந்தார்கள். பிறகு 1999-ல் மான்ட்ரியலில் புதிய ஒப்பந்தம் செய்தபோது இந்த எடைக் கணக்கைக் கைவிட்டு, ஒரு பிரயாணிக்கு இவ்வளவு என்று வைத்தார்கள். இந்தியா 2009-ல் அதில் சேர்ந்தது. சர்வதேச நிதி நிறுவனத்தின் கணக்கு நாணயத்தில் ஆயிரமாக இருந்த அந்த வரம்பு, 2024 டிசம்பர் 28 முதல் 1,519 ஆகியிருக்கிறது. ஏறத்தாழ இரண்டாயிரம் டாலர். அதற்கு மேல் மதிப்புள்ள பொருளானால், ஒப்படைக்கும்போதே அதைச் சொல்லி, கேட்கிற கூடுதல் பணத்தைக் கட்டிப் பதிவு செய்யலாம். சேதம் வந்தால் ஏழு நாளைக்குள் எழுத்து மூலம் முறையிட வேண்டும்.

இதிலெல்லாம் எனக்குப் புகார் இல்லை. அந்த ஒப்பந்தத்தில் என்னை யோசிக்க வைத்தது வேறு ஒரு விதி. பொருளின் உள்ளார்ந்த குறையாலோ தன்மையாலோ சேதம் நேர்ந்தால், அந்த அளவுக்குக் கம்பெனி பொறுப்பல்ல. அழுகின மாம்பழத்துக்கு இது நியாயம்தான். வாத்தியத்துக்கு? கடத்தின் ஓடு மெல்லியதாக இருப்பது குறையா? மெல்லியதாக இருப்பதால்தானே அது பேசுகிறது? ஒரு வாத்தியம் எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவு சிறிய தொடுதலுக்கும் பதில் சொல்லும். சிறிய தொடுதலுக்குப் பதில் சொல்லுவது பெரிய அடியைத் தாங்காது. இரும்பில் வீணை செய்தால் எங்கே போட்டாலும் உடையாது. எப்படி மீட்டினாலும் பாடாது. மனிதர்களிலும் இப்படி உண்டு. சீக்கிரம் மனம் நோகிறவர்களைப் பார்த்து, "அது உன் சுபாவத்தில் உள்ள குறை, நாங்கள் பொறுப்பல்ல" என்று எத்தனை குடும்பங்கள் கையெழுத்து வாங்காமலே சொல்லிவிடுகின்றன!

ஆனால், மென்மையானவர்கள் பக்கத்திலும் ஒரு கடமை இருக்கிறது. தன் பொருள் மென்மையானது என்று தெரிந்தவன், அதைச் சரியாகக் கட்ட வேண்டாமா? துணி உறையில் வீணையைப் போட்டுக் கொடுத்துவிட்டு, "உலகம் கொடூரமானது" என்று புலம்புவதில் அர்த்தமில்லை. கெட்டியான வெளிப் பெட்டி; உள்ளே அசையாத மெத்தை; யாளியின் கழுத்துக்குத் தனி முட்டு; மெட்டுகளுக்கு மேல் அழுத்தாத துணி. இவ்வளவும் உடையவனுடைய வேலை. சிலர் இதற்கென்றே பிரித்துப் பூட்டும் வீணை செய்துகொள்ளுகிறார்கள். தோல் வாருக்குப் பதில் போல்ட்டு முடுக்கிய மிருதங்கமும் வந்திருக்கிறது.

"இப்படிக் கட்டுவது, சுமக்கிறவனை நம்பாததுதானே?" என்று ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. வீட்டுக்குப் பூட்டுப் போட்டால் அண்டை வீட்டுக்காரரைத் திருடன் என்றா அர்த்தம்? மனிதனை நம்புவது வேறு, சந்தர்ப்பத்தை நம்புவது வேறு. மழையும் வெயிலும் அவசரமும் இயந்திரத்தின் கொக்கியும் நம்முடைய நம்பிக்கைக்குக் கட்டுப்பட்டவை அல்ல. நன்றாகக் கட்டிக் கொடுப்பது ஒருவகையில் சுமக்கிறவனுக்குக் காட்டும் மரியாதையும்கூட. ஒரு கண நேரக் கைத் தவறுக்காக ஆயுள் முழுதும் பழி சுமக்கிற நிலையில் அவனை வைக்காமலிருக்கிறோம் அல்லவா?

பெட்டியின் மேல் 'ஜாக்கிரதை, உடையும்' என்று ஒட்டுகிறார்களே, அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கண்ணாடிப் பாத்திரத்துக்கும் அந்தச் சீட்டு, ஊறுகாய் ஜாடிக்கும் அதே சீட்டு, ஒன்றும் உடையாத துணிப் பெட்டிக்கும், "எதற்கும் ஒன்று ஒட்டுங்களேன்" என்று கேட்டு வாங்கிய அதே சீட்டு. எல்லாமே ஜாக்கிரதை என்றால் எதுவுமே ஜாக்கிரதை அல்ல. பொய்யாக ஒட்டின ஒவ்வொரு சீட்டும் மெய்யாக உடையக் கூடிய ஒரு பொருளின் பாதுகாப்பைத் திருடுகிறது. இந்தத் திருட்டில் நம்மில் அனேகமாக எல்லோருக்கும் பங்குண்டு.

அன்றைக்கு அந்தப் பெரியவருடைய வீணை, பெரிய சாமான்களுக்கான தனி வாசலுக்குப் போயிற்று. அங்கே நின்ற சுமையாள் இளவயசுப் பையன். பெட்டியின் வடிவத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டான்:

"உள்ளே என்னங்கய்யா?"

"வீணைப்பா. படத்திலே சரஸ்வதி கையிலே இருக்குமே, அது."

அவன் பெட்டியின் மேல் வைத்திருந்த கையை எடுத்துவிட்டு, மறுபடி வேறு விதமாக வைத்தான். "படுக்க வைக்கணுங்களா, நிறுத்தணுங்களா?" என்று கேட்டான்.

அந்த ஒரு கேள்விக்கு ஆயிரம் சீட்டுகள் ஈடாகா. சீட்டு 'ஜாக்கிரதை' என்று மட்டும் சொல்லும்; எப்படி ஜாக்கிரதை என்று சொல்லாது. அக்கறை உள்ளவனுக்குத்தான் 'எப்படி' என்று கேட்கத் தோன்றும். உள்ளே இருப்பது இன்னதென்று தெரிந்தவுடனே அவனுக்கு அக்கறை வந்துவிட்டது. அவன் கல்நெஞ்சன் அல்ல. அதுவரையில் அவனுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் அவன் கையிலிருந்து பெட்டி இன்னொரு கைக்குப் போகிறது. அங்கிருந்து வண்டிக்கு, வண்டியிலிருந்து விமானத்தின் வயிற்றுக்கு. அந்த வயிற்றை நாம் பார்ப்பதில்லை. நடுத்தர ரக விமானங்களில் சாமான் அறையின் உயரம் நாலடிக்குச் சற்று முன்பின்னாகத்தான் இருக்கும். அதற்குள் ஒரு மனிதன் முழங்காலிட்டு, குனிந்தபடியே, வந்து விழும் பெட்டிகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குகிறான். மே மாதத்தில் அது அடுப்பு. வெளியே ஒருவன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்; அரை மணி நேரத்துக்குள் விமானம் காலியாகி மறுபடி நிரம்பிக் கிளம்பியாக வேண்டும். அந்த மனிதனிடம் போய், "படுக்க வைக்க வேண்டுமா, நிறுத்த வேண்டுமா என்று நீ ஏன் கேட்கவில்லை?" என்று யார் கேட்பது?

2008 மார்ச்சில் கனடா தேசத்துப் பாடகர் டேவ் கரோல், சிகாகோவில் விமானத்துக்குள் உட்கார்ந்திருந்தார். கிட்டார்களைத் தூக்கி எறிகிறார்கள் என்று பின்னால் இருந்த பிரயாணி ஒருத்தி கூவினாள். ஊர் போய்ச் சேர்ந்து திறந்து பார்த்தால் கிட்டார் உடைந்திருந்தது. ரிப்பேருக்கு 1,200 டாலர். பல மாதம் கடிதம் எழுதியும் கம்பெனி கொடுக்க மறுத்தது. 2009 ஜூலையில் அதையே ஒரு பாட்டாகப் பாடி வெளியிட்டார். கோடிக் கணக்கானவர்கள் கேட்டார்கள். கம்பெனிக்கு உலகமெங்கும் தலைகுனிவு. கேட்கிறவர்களுக்குத் திருப்தியான கதைதான். அவரிடம் குரல் இருந்தது, பாடினார். குரல் இல்லாத பிரயாணிகளின் உடைந்த சாமான்களைப் பற்றி யார் பாடினார்கள்? கிட்டாரை எறிந்த கைகளுக்கு அன்றைக்கு எத்தனை மணி நேர வேலை, என்ன கூலி என்று யாராவது கேட்டார்களா? அந்தப் பாட்டில் அது வராது. வர வேண்டும் என்றும் இல்லை. ஆனால் ஒரு கட்டுரையில் வரலாம்.

வாத்தியத்தின் மேல் உள்ள பிரியம் சில சமயம் மனிதர்களை மறைத்துவிடுகிறது. 1949 அக்டோபர் 28-ந் தேதி அசோர்ஸ் தீவில் ஒரு பிரெஞ்சு விமானம் மலையில் மோதி 48 பேரும் மாண்டார்கள். அவர்களில் ஜினெட் நெவ்யூ என்ற வயலின் மேதையும் ஒருவர், வயது முப்பது. 1953 செப்டம்பர் முதல் தேதி ஆல்ப்ஸ் மலையில் இன்னொரு விமானம் மோதியபோது 42 பேர் மாண்டார்கள். அவர்களில் ஜாக் திபோ ஒருவர். அவருடன் 1720-ல் செய்த ஸ்ட்ராடிவாரியஸ் வயலின் ஒன்றும் அழிந்தது. சங்கீத சரித்திரம் படிக்கிறவர்கள் அந்த வயலினுக்காகப் பெருமூச்சு விடுவதை நான் பார்த்திருக்கிறேன். நானும் விட்டிருக்கிறேன். மற்ற நாற்பத்தொரு பேரின் பெயர் எனக்குத் தெரியாது. இருநூறு வருஷத்து மரத்துக்கு வருந்துவது தப்பில்லை. ஆனால் வருத்தத்தில் வரிசை தப்பிவிடக் கூடாது.

இந்த வரிசையை நமக்கு அழகாகக் காட்டிய ஒரு ராஜா இருந்தான். புறநானூற்றுக் கதை, எல்லோருக்கும் தெரிந்ததுதான். சேரமானுடைய வீர முரசு, தெய்வமாகப் போற்றப்படுவது. அதற்கென்று தனிக் கட்டில், பூப் பரப்பிய மெத்தை. முரசை நீராட்டக் கொண்டு போயிருந்த சமயத்தில், நடந்து களைத்து வந்த மோசிகீரனார் என்ற புலவர் அது இன்னதென்று அறியாமல் அதில் படுத்துத் தூங்கிவிட்டார். முரசு கட்டிலில் ஏறினவனை வாளால் இரண்டு துண்டாக்குவது வழக்கம். முரசு திரும்பி வந்தது, அரசனும் வந்தான், பார்த்தான். வாளை எடுக்கவில்லை. விசிறியை எடுத்தான். முழவு போன்ற தன் தோளை அசைத்து, புலவர் விழிக்கும் வரையில் வீசிக்கொண்டு நின்றான்.

தமிழ் படித்தவருக்கு அரசன் காட்டிய மரியாதை என்றுதான் நாம் இதைப் பாடம் சொல்லுகிறோம். இன்னொரு கோணத்திலிருந்தும் பார்க்கலாம். அங்கே பிழை நேர்ந்தது, நேர்ந்தவரோ அறியாமல் செய்தவர், அவமதிக்கப்பட்டது வாத்தியம். கட்டிலின் அருமை தெரிந்தவன் அரசன். களைப்பின் அருமை தெரிந்தவர் புலவர். அரசன் தனக்குத் தெரிந்ததைப் புலவர் அறியவில்லையே என்று கோபிப்பதற்குப் பதிலாக, புலவரின் களைப்பைத் தான் அறிந்துகொள்ள முயன்றான். முரசு அன்றைக்குக் கொஞ்சம் காத்திருந்தது. அதனால் அதன் பெருமை குறையவில்லை. அந்த முரசைப் பற்றி இன்றைக்கும் நாம் பேசிக்கொண்டிருப்பதே அதனால்தான். விமானத்தின் வயிற்றில் முழங்காலிட்டிருப்பவனும் அறியாதவன், களைத்தவன். அவனுக்குக் கவிதை எழுதத் தெரியாமலிருக்கலாம். களைப்புக்கு அது தெரிய வேண்டியதில்லை.

வாத்தியத்தைக் காலால் தொட்டுவிட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்ளுகிறவர்கள் நாம். சரஸ்வதி பூஜையன்று அதற்குச் சந்தனமும் பூவும் சாத்துகிறோம். நல்ல வழக்கம். ஆனால் அந்த மிருதங்கத்துக்குப் பசு, எருமை, ஆட்டுத் தோல்களைத் தேர்ந்து, பதம் பார்த்து, மூட்டி, கரணையை ஒவ்வொரு படலமாகத் தேய்த்து ஏற்றிக் கொடுத்த கைகளுக்கு என்ன பூஜை செய்தோம்? டி. எம். கிருஷ்ணா 2020-ல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற புத்தகத்தில் அந்தக் கைகளுக்கு உரியவர்களைத் தேடிப் போய் எழுதிய பிறகுதான், நம்மில் பலருக்கு அவர்கள் பெயரே தெரிந்தது. அவர்களில் பலர் தலித் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். மேடையில் வாத்தியம் தெய்வம். அதைச் செய்தவர் வாசலில். இந்த நியாயத்தை வைத்துக்கொண்டு விமான நிலையத்துச் சுமையாளிடம் போய், "உனக்கு வாத்தியத்தின் மேல் மரியாதை இல்லையே" என்று நாம் குறைப்பட முடியுமா? பொருளுக்கு மரியாதை கேட்கிறவர்கள், அதை ஆக்கின கைக்கும் தூக்குகிற கைக்கும் முதலில் மரியாதை கொடுத்துவிட்டுக் கேட்க வேண்டும்.

"இவ்வளவு தொல்லை எதற்கு? வாத்தியத்தின் மேல் இத்தனை பற்று எதற்கு?" என்று கேட்கும் வேதாந்திகளும் உண்டு. பியானோ வித்வான்களில் மிகப் பெரும்பாலோர் வாத்தியத்தைச் சுமப்பதில்லை. போகிற ஊரில் இருப்பதை வாசிக்கிறார்கள். தம்பூராவை வீட்டில் வைத்துவிட்டுக் கையடக்கமான மின்சாரச் சுருதிப் பெட்டியோடு விமானம் ஏறுகிற பாடகர்கள் இன்று எத்தனையோ பேர். அந்தப் பெட்டியைப் பெங்களூரில் உருவாக்கிய ஜி. ராஜ் நாராயண், விமானத் தொழிற்சாலையில் எஞ்சினீயராக இருந்தவர் என்பது பொருத்தமான விஷயம்தான். சுருதி சேருகிறது, சௌகரியமாக இருக்கிறது. ஆனாலும் நாலு தந்திகளின் ஜீவாவைக் கேட்டு வளர்ந்த காது ஏதோ ஒன்றைத் தேடுகிறது. எதை விடலாம், எதை விடக் கூடாது என்பதற்குப் பொது விதி கிடையாது.

ஆனால் வயலின்காரர்கள் விமானம் ஏறுமுன் செய்கிற ஒரு காரியம் எனக்கு வழிகாட்டுவதாகத் தோன்றுகிறது. தந்திகளை முறுக்கியபடியே விட்டால் குளிரிலும் வறட்சியிலும் மரம் இறுகி விரிசல் காணலாம். ஆகையால் சிறிது தளர்த்துவார்கள். முழுதும் தளர்த்திவிடவும் மாட்டார்கள். முழுதும் தளர்த்தினால், மேலே குதிரை சாய்ந்துவிடும். உள்ளே, மேல் பலகைக்கும் கீழ்ப் பலகைக்கும் நடுவில் தந்திகளின் அழுத்தத்தால் மட்டுமே நிற்கும் ஒரு சிறு குச்சி விழுந்துவிடும். பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் குச்சிக்கு 'ஆன்மா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பற்றை எவ்வளவு தளர்த்தலாம் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லக் கூடியது இவ்வளவுதான்: ஆன்மா விழாத அளவுக்கு.

இனிமேல், ஆரம்பித்த கேள்விக்கு வரலாம். உடைந்தால் யார் பொறுப்பு? நஷ்டத்தைப் பங்கு போடலாம். இவனுக்கு முக்கால், அவனுக்குக் கால் என்று கோர்ட்டில் தீர்த்துவிடலாம். கவனத்தை அப்படிப் பங்கு போட முடியாது. கட்டுகிறவன், "சுமக்கிறவன் பார்த்துக்கொள்ளுவான்" என்று பாதிக் கவனத்தோடு கட்டினால் அது உடையும். சுமக்கிறவன், "கட்டினவன் நன்றாகக் கட்டியிருப்பான்" என்று பாதிக் கவனத்தோடு தூக்கினாலும் உடையும். யாருமே ஏந்தமாட்டார்கள் என்று நினைத்துக் கட்ட வேண்டும். யாருமே கட்டவில்லை என்று நினைத்துத் தூக்க வேண்டும். இருவருடைய பொறுப்பும் முழுப் பொறுப்பு. ஒருவருடையதைக் கூட்டினால் மற்றவருடையது குறையும் என்பது பணக் கணக்கு, தர்மக் கணக்கு அல்ல. தூக்குகிறவனுக்குக் கவனம் செலுத்த நேரம் கொடுக்காமல் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்களுக்கும் இதில் முழுப் பங்கு உண்டு. டிக்கெட் இன்னும் இருநூறு ரூபாய் குறைந்தால் நல்லது, விமானம் இன்னும் கால் மணி முன்னால் கிளம்பினால் நல்லது என்று ஆசைப்படுகிற நமக்கும் உண்டு.

அவ்வளவும் செய்த பிறகும் ஒரு நாள் உடையலாம். அன்றைக்கு ஏழு நாள் கெடுவுக்குள் முறையீடு எழுத வேண்டியதுதான். ஈடு கேட்பதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. ஆனால் அடுத்த தடவை பெட்டியை ஒப்படைக்கும்போது, உள்ளே என்ன இருக்கிறது என்று எதிரே நிற்கும் மனிதனிடம் வாய் திறந்து சொல்லுங்கள். அவன் பெயரையும் கேட்டுக்கொள்ளுங்கள். அவன் எப்படித் தூக்கவேண்டும் என்று கேட்டால், அவசரப்படாமல் பதில் சொல்லுங்கள்.